ஐந்து குன்றுகள் என்று எண்ணியிருந்தேன்

மார்பில் இருந்தது பயப்படவேண்டிய கட்டி இல்லை என்று டாக்டர் சொன்ன பன்னிரண்டாம் நாள், நான் தனியாக மலை ஏறப் போனேன். எதற்காகப் போனேன் என்று அன்று ஒரு அம்மா என்னிடம் விடாமல் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போது கேட்டாலும் தெளிவாகச் சொல்வேனா என்பது சந்தேகம்தான்.

பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த மூன்று வாரங்களில் நான் மிகவும் ஒழுங்காக இருந்தேன். சமையலறை டப்பாக்கள் எல்லாவற்றிலும் பெயர் எழுதி ஒட்டினேன். வங்கிப் புத்தகமும் வீட்டுப் பத்திரமும் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று கணவருக்குக் காட்டிக்கொடுத்தேன். பட்டுப்புடவைகளில் நல்லவை இரண்டை நாத்தனாருக்குக் கொடுத்தேன். பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு முடிக்க வேண்டிய கணக்குப் பாடங்களை வேகவேகமாக முடித்தேன். அழவில்லை. எனக்கே என்னைப் பார்த்தால் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

பிறகு அந்த டாக்டர், காகிதத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்று மலையாளத்தில் சொன்னார். கணவர் அந்த நாற்காலியிலேயே கண்களைத் துடைத்துக்கொண்டார். புனேயில் வேலை பார்க்கும் மகள் போனில் கத்தினாள். ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் நாலு வீட்டுக்குப் பாயசம் போயிற்று. எனக்கு மட்டும் ஒன்றும் தோன்றவில்லை. பஸ்ஸுக்காக வெகுநேரம் நின்றுவிட்டு, இன்று பஸ் கிடையாது என்று யாரோ சொன்னால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. சந்தோஷம் தாமதமாக வரும் என்று நினைத்தேன். ஒரு வாரம் ஆயிற்று. பத்து நாள் ஆயிற்று.

பதினோராம் நாள் வெள்ளிக்கிழமை. மறுநாள் பள்ளி விடுமுறை. ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் கணவரிடம் சொன்னேன்.

"நாளைக்குக் கார்த்தால பொன்முடிக்குப் போறேன். மலை ஏறணும்."

"ஸ்கூல்லேந்து கொண்டுபோறாளா?"

"இல்லை. நான் மட்டும்."

"ஒத்தைக்கா? என்னத்துக்கு?"

"தெரியலை. நடக்கணும்போல இருக்கு."

"நானும் வரட்டுமா?"

"வேண்டாம்."

அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். பிறகு, "சரி, சூக்ஷிச்சுப் பத்திரமாப் போயிட்டு வா" என்றார். காலையில் நான் எழுவதற்கு முன்பே தயிர்சாதம் பிசைந்து டப்பாவில் போட்டு வைத்திருந்தார்.

பொன்முடி எனக்குப் புதிது இல்லை. இருபது வருஷமாகப் பள்ளிச் சுற்றுலாவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். போனபோதெல்லாம் தலைகளை எண்ணுவதே என் வேலை. நாற்பத்தி மூன்று, நாற்பத்தி இரண்டு, ஒன்று எங்கே என்று எண்ணிக்கொண்டே இருக்கும்போது, தேயிலைத் தோட்டத்துக்கு அப்பால் வரிசையாகப் புல் மூடிய குன்றுகள் தெரியும். மரமே இல்லாத உச்சிகள். இங்கே அவற்றை மொட்டை என்பார்கள். ஐந்து என்று எண்ணி வைத்திருந்தேன். குதிரைலாடம்போல வளைந்து போகும் வரிசை. ஒரு முனையில் ஏறினால் மறுமுனையில் தார்ச்சாலைக்கு இறங்கிவிடலாம் என்று, அந்தப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் வேலை பார்ப்பவரின் மனைவியான சக ஆசிரியை சொல்லியிருந்தாள். அவள் கணவரிடம் சொல்லி அனுமதியும் வாங்கித் தந்தாள். நாலு மணி பஸ்ஸுக்குள் இறங்கிவிடவேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

முதல் பஸ்ஸில் மலையடிவாரத்து வித்துரா வழியாகப் போய், கொண்டை ஊசி வளைவுகள் முடிவதற்குச் சற்று முன்னால் எஸ்டேட் நிறுத்தத்தில் இறங்கினேன். எட்டு மணிகூட ஆகவில்லை. மகள் விட்டுப்போன கேன்வாஸ் ஷூ, முதுகில் பை, கையில் குடை. சுரிதாரில் என்னைப் பார்த்தால் ஐம்பது வயதுக்காரி என்று தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

தேயிலைக்குள் ஏறும் பாதை லயத்தை ஒட்டிப் போகிறது. லயம் என்றால் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். கடைசி வீட்டு வாசலில் ஒரு அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். மெலிந்த உடம்பு. மழைக்காக நீல பிளாஸ்டிக் ஷீட் ஒன்றைத் தலையிலிருந்து முதுகுவரை போட்டுக் கயிற்றால் கட்டியிருந்தார்.

"எங்கனம்மா போறீய?"

"மேலே. மொட்டைக்கு."

"கூட ஆளு?"

"யாரும் இல்லை."

"ஒத்தையிலயா? என்ன காரியமா?"

"சும்மாதான்" என்றேன். அவர் கையில் இருந்த சட்டியைக் கீழே வைத்துவிட்டார். நான் நடந்துவிட்டேன்.

முதல் குன்று சுலபமாக முடிந்தது. தேயிலை முடிந்து சின்னச் சோலைக்காடு, அதைத் தாண்டினால் இடுப்பளவு புல். ஈரம் ஷூவுக்குள் இறங்கியது. அட்டைகள் ஏறின. உப்புப் பொட்டலத்தை ஒற்றி ஒற்றி அவற்றை உதறினேன். உச்சியில் நின்றபோது கிழக்கே காடும் மேற்கே தூரத்தில் கடல்போன்ற ஒரு வெளிச்சமும் தெரிந்தன. மூச்சு வாங்கியது. இதயம் அடித்துக்கொள்வது காதில் கேட்டது. நன்றாகத்தான் இருக்கிறேன் என்று தோன்றியது. அதற்குமேல் ஒன்றும் தோன்றவில்லை. அடுத்த குன்றுக்கு இறங்கினேன்.

இரண்டாவது குன்றின் உச்சியில் உடைந்த சர்வே கல் ஒன்று இருந்தது. அதன்மேல் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்றேன். தோலைப் பைக்குள் போட்டால் சாதத்தில் வாசனை ஏறும் என்று கல்லுக்கு அடியில் செருகினேன். பிள்ளைகள் செய்திருந்தால் திட்டியிருப்பேன். நிமிர்ந்தபோது, நான் வந்த வழியில், முதல் குன்றின் சரிவில் ஒரு நீலப்பொட்டு அசைந்தது. விறகுக்கோ மாட்டுக்கோ யாரோ வருகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

பத்து மணி வாக்கில் மூடுபனி வந்தது. வந்தது என்று சொல்வதுகூடச் சரியில்லை. பார்த்துக்கொண்டிருந்த மலை இல்லாமல் போயிற்று. பிறகு புல் இல்லாமல் போயிற்று. என் ஷூவும் அதைச் சுற்றி நாலடியும்தான் மிச்சம். கணக்கு டீச்சர்தானே, திசை தப்பாது என்று ஒரு தைரியம். இறக்கம் முடிந்தால் பள்ளம், பள்ளம் முடிந்தால் ஏற்றம், ஏற்றம் முடிந்தால் அடுத்த மொட்டை. இதில் குழம்ப என்ன இருக்கிறது என்று நடந்தேன்.

மூன்றாவது உச்சியிலும் ஒரு சர்வே கல் இருந்தது. எல்லா உச்சியிலும் கல் நட்டிருப்பார்கள் போலும் என்று நினைத்தேன். இறங்கினேன். பனி கொஞ்சம் விலகியபோது திரும்பிப் பார்த்தால், இருநூறடிக்கு அப்பால் அந்த நீலம் நின்றுகொண்டிருந்தது. நான் நின்றதும் அதுவும் நின்றது. நடந்தேன், நடந்தது.

அப்போதுதான் பயம் வந்தது. ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. காலையில் லயத்தில் பார்த்த ஷீட் நினைவுக்கு வந்தது. ஆனால் அந்த மாதிரி நீல ஷீட் எஸ்டேட்டில் எல்லோரிடமும் இருக்கும். பையைத் துழாவிப் போனை எடுத்தேன். சிக்னல் இல்லை. குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தேன். ஒரு பாறைக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்தேன். என் மூச்சுச் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. ஐந்து நிமிடம் கழித்து எட்டிப் பார்த்தால், எதிர்ச்சரிவில் அந்த உருவமும் புல்லில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தது.

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்று வாரம் சாவதற்குத் தயாராக இருந்தவள் நான். பத்திரத்தை எடுத்துக் கொடுத்தவள். ஆனால் அந்தப் பாறைக்குப் பின்னால் என் கால்கள் நடுங்கிய நடுக்கம் கொஞ்சநஞ்சம் இல்லை. தயாராக இருந்தது யார், நடுங்குவது யார் என்று எனக்கே புரியவில்லை.

ஓடுகிற மாதிரி ஏறினேன். இது நாலாவது குன்று என்று எண்ணிக்கொண்டேன். உச்சியில் மறுபடி ஒரு சர்வே கல். அதன் அடியில் ஆரஞ்சுத் தோல். புதுத் தோல், இன்னும் ஈரம் காயாதது.

 எனக்கு முன்னால் யாரோ இங்கே வந்து உட்கார்ந்து ஆரஞ்சு தின்றிருக்கிறார்கள். அப்படியானால் பின்னால் வருவது ஒருவர், முன்னால் போனது இன்னொருவர். இரண்டு பேர். அவ்வளவு நிச்சயமாக அதை நம்பினேன். சற்று முன்னால் ஆரஞ்சு தின்றவள் நானே என்பதோ, இந்தத் தோலை நானே செருகியிருக்கலாம் என்பதோ மனதுக்கு எட்டவே இல்லை.

காற்று ஒன்று வந்து பனியைக் கிழித்தது. எங்கே இருக்கிறேன் என்று பார்த்துவிடலாம், தார்ச்சாலை தெரிந்தால் நேரே இறங்கிவிடலாம் என்று, புல் முடிகிற இடத்தை நோக்கி நடந்தேன். அந்தப் பக்கம் மலை சட்டென்று முடிந்துவிடுகிறது. கீழே வெறும் வெள்ளை. விளிம்பில் நின்று கழுத்தை நீட்டிப் பார்த்தேன்.

"வேண்டாம்மா. அங்க வேண்டாம்."

பின்னாலிருந்து புல்லை மிதித்து ஓடிவரும் சத்தம். நான் திரும்புவதற்குள் இரண்டு கைகள் என் இடுப்பைக் கட்டிப் பின்னுக்கு இழுத்தன. இருவரும் புல்லில் விழுந்தோம். குடை எங்கோ போயிற்று. நான் அலறினேனா என்று நினைவில்லை. பார்த்தால், பாத்திரம் கழுவிய அந்த அம்மா. ஷீட் கழுத்தில் முறுக்கிக்கொண்டு, மூச்சு இரைத்துக்கொண்டு, என் சுரிதாரை இரண்டு கையாலும் பிடித்தபடி கிடந்தார்.

"விடுங்கோ. என்ன பண்றேள்?"

"விடமாட்டேன். நீங்க மொதல்ல இங்கன தள்ளி வாங்க."

என்னை இழுத்துக்கொண்டுவந்து சர்வே கல்லில் உட்காரவைத்த பிறகுதான் கையை எடுத்தார். அப்போதும் என் துப்பட்டாவின் நுனி அவர் கைக்குள்தான் இருந்தது.

"காலையிலேந்து என் பின்னாடி வந்தது நீங்கதானா?"

"நாந்தான். பின்ன யாரு?"

"எதுக்கு?"

அவர் கழுத்தில் முறுக்கியிருந்த ஷீட்டை ஒரு கையால் தளர்த்திக்கொண்டார். பிறகு தணிந்த குரலில் சொன்னார். "ரெண்டு வருசம் முந்தி ஒரு பொண்ணு வந்துச்சு. இதே மாதிரி ஒத்தையில. மொட்டைக்கு எங்கன போணும்னு கேட்டுச்சு. நாந்தான் கையக் காட்டி வழி சொன்னேன். எதுக்குன்னு கேட்டதுக்குச் சும்மான்னுச்சு. நானும் சிரிச்சிட்டு விட்டுட்டேன்."

"அப்புறம்?"

"எறங்கி வரல."

 எனக்கு விஷயம் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"ஐயோ, நான் அதுக்கு வரலை" என்றேன். "வழி தெரியறதான்னு எட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான்."

"அப்பம் எதுக்குச் சுத்திச் சுத்தி வந்தீய? இந்த மொட்டையிலயே மூணு வட்டம் ஏறினீய. ஏறுறதும் எறங்குறதும் மறுபடி ஏறுறதுமா. மனசு ஒப்பாம தவிக்காவன்னு எனக்குப் பேடியாயிட்டு, பயந்துட்டேன்."

"மூணு தடவையா? இது நாலாவது மொட்டை இல்லையா?"

"நாலாவதா? இது ரெண்டாமத்தது."

ஆரஞ்சுத் தோலைப் பார்த்தேன். சிரிப்பு வரவேண்டிய இடம். வந்தது அழுகை. அந்த மூன்று வாரங்களில் வராதது, பாயசம் கொடுத்தபோது வராதது, முன்பின் தெரியாத ஒருவர் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது வந்தது. அவர் என்னைத் தேற்றவில்லை. பிடியையும் விடவில்லை. அழுது முடியும்வரை விளிம்புக்கும் எனக்கும் நடுவே நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

பிறகு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் பள்ளிக்கூட வேலை, கட்டி, ஊசி போட்டு எடுத்தது, காத்திருந்தது, ஒன்றும் இல்லை என்று சொன்னது.

"ஒண்ணும் இல்லேன்னு டாக்டரே சொல்லிட்டாவளா?"

"சொல்லிட்டார்."

"அப்பம் சந்தோசம்தானே?"

"ஆமாம்."

"பின்ன என்ன கரைச்சல்?"

"அதுதான் தெரியலை."

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். யோசித்துவிட்டு, "எனக்கும் மனசிலாவல டீச்சரே" என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. வீட்டில் எல்லோரும் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். நாத்தனார் சத்துக்குறைவு என்றாள். மகள் ஏதோ ஆங்கிலப் பெயர் சொன்னாள்.

தயிர்சாத டப்பாவைத் திறந்தேன். அவர் காலையில் பால் இல்லாத கட்டன்சாயா மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பியவர். மூடியில் பாதி சாதத்தை வைத்துக் கொடுத்தேன். ஒரு கையால் சாப்பிட்டார். மற்றக் கையில் துப்பட்டா. "இனி விடலாம்" என்றேன். விட்டார். ஆனால் ஊறுகாயை நக்கிக்கொண்டே, "எங்கிட்டப் பொய் சொல்லலியே?" என்று கேட்டார்.

"இல்லை."

சொன்ன பிறகு அது உண்மைதானா என்று எனக்குள் ஒரு நொடி திக்கென்றது. நான் அதற்காக வரவில்லை. அது நிச்சயம். ஆனால் விளிம்பில் நின்றபோது, சாலையைத் தேடின கண்கள் ஏன் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தன என்று கேட்டால் என்ன சொல்வது? எவ்வளவு நேரம் நின்றேன்? ஒரு நிமிடம் என்று நினைத்தேன். அவர், "ரொம்ப நேரம் நின்னீய, அதான் ஓடிவந்தேன்" என்றார்.

ஒன்றரை மணி ஆகியிருந்தது. அவர் என்னை அப்படியே லயத்துக்கு இறக்கிக் கூட்டிப்போகப் பார்த்தார். நான் மாட்டேன் என்றேன். ஐந்தையும் நடக்கத்தான் வந்தேன், இரண்டோடு திரும்பமாட்டேன் என்று சின்னப் பிள்ளைபோலப் பிடிவாதம் பிடித்தேன். அவருக்குக் கோபம் வந்தது. "இன்னைக்கே முடிக்கணும்னு சட்டமா?" என்றார். கடைசியில், அவரும் கூட வருவதானால் போகலாம் என்று ஒப்புக்கொண்டார். தனியாக நடக்கவேண்டும் என்று நான் சொன்னபோது, "நடங்க. நான் பத்தடி தள்ளி வாறேன்" என்றார்.

அப்படியே நடந்தோம். மூன்றாவது குன்று செங்குத்து. கையூன்றி ஏற வேண்டியிருந்தது. அவர் ரப்பர்ச் செருப்பில் என்னைவிட வேகமாக ஏறி, பிறகு வேண்டுமென்றே நின்று பத்தடியைச் சரிசெய்துகொண்டார். உச்சியில் கல் எதுவும் இல்லை. நாலாவதின் அடிச்சரிவில் யானைச் சாணம் கிடந்தது. ஆவி பறக்கவில்லை, பழையது என்று தொட்டுப் பார்த்துச் சொன்னார். நாலாவது உச்சிக்கு வந்தபோது பனி முழுக்க விலகி, வெயில் சாய்ந்து, நடந்த குன்றுகள் எல்லாம் ஒரே சமயத்தில் தெரிந்தன. இரண்டாவதில் நான் மிதித்த புல் வட்டமாகப் படிந்து கிடந்தது இங்கிருந்தே தெரிந்தது. அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

ஐந்தாவது எதிரே நின்றது. போய்த்தொடும் தூரம்தான்.

"அதுக்குப் போவ வேண்டாம். சாயுங்காலம் அங்க ஆனை நிக்கும்."

"சீக்கிரம் போயிட்டு வந்துடலாம்."

"வேண்டாம்னா வேண்டாம். அதும் இதும் ஒரே மலைதான். நாங்க இத நாலுன்னுதான் சொல்லுவோம்."

அது உண்மையா, என்னை இறக்குவதற்காகச் சொன்னதா, தெரியாது. பிறகு யாரிடமும் கேட்கவும் இல்லை.

பாதி இறக்கத்தில் என் பைக்குள் போன் அதிர்ந்தது. ஒன்றல்ல, தொடர்ந்து அதிர்ந்தது. கணவரிடமிருந்து வந்த தவறிய அழைப்புகள் திரை நிறைய. திரும்ப அழைத்தேன்.

"நான் வித்துராவில் இருக்கேன்" என்றார். "பஸ் ஸ்டாண்டில்."

"எப்போ வந்தேள்?"

"பதினோரு மணிக்கு. நீ எங்க இருக்காய்?"

"இறங்கிண்டிருக்கேன். எதுக்கு வந்தேள்?"

"சும்மாதான்" என்றார்.

அந்த அம்மா பஸ் வரும்வரை சாலையோரம் என்னோடு நின்றார். என் போன் நம்பரைக் கேட்டு வாங்கி, அங்கேயே ஒருமுறை அழைத்து, என் பையில் மணி அடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். நான் எப்படி நன்றி சொல்வது என்று தடுமாறினேன். செய்யாத ஒன்றிலிருந்து காப்பாற்றியதற்கு நன்றி சொல்லலாமா? பஸ் வந்துவிட்டது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தபோது, அவர் கண்டக்டரிடம், "டீச்சரு வித்துராவுலதான் எறங்கணும், எடையில எறக்கிராதீய" என்று சொல்வது கேட்டது.

வித்துராவில் கணவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். என்னை உட்காரச்சொல்லி, கடைக்காரரிடம் கொஞ்சம் உப்பு வாங்கி, என் கணுக்காலில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு அட்டையை எடுத்துப் போட்டார். இரத்தம் நிற்காமல் வடிந்தது. கைக்குட்டையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"நீங்களும் பயந்தேளா?" என்று கேட்டேன்.

"எதுக்கு?" என்றார், குனிந்தபடியே.

 திரும்பும் வழியெல்லாம் அவர் தூங்கினார், அல்லது தூங்குவதுபோல இருந்தார். எனக்குக் கால் வலித்தது, பசித்தது. சந்தோஷமாக இருக்கிறேனா என்று ஒருமுறை எனக்குள் கேட்டுப் பார்த்தேன். நெடுமங்காட்டுக்கு முன்னால் நானும் தூங்கிவிட்டேன்.

அந்த அம்மா அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் கூப்பிடுகிறார். பேச அவருக்கும் ஒன்றும் இல்லை, எனக்கும் இல்லை. "இருக்கீயளா டீச்சரே?" என்பார். "இருக்கேன்" என்பேன். "செரி" என்று வைத்துவிடுவார். முதல் சில வாரம் எனக்கு எரிச்சலாகவே இருந்தது. எத்தனை தடவை சொன்னாலும் நம்பமாட்டாரா என்று கணவரிடம் குறைப்பட்டுக்கொண்டேன். பிறகு ஒரு ஞாயிறு மத்தியானம் வரை போன் வராதபோது, நானே இரண்டு தடவை போனை எடுத்துப் பார்த்தேன். சாயங்காலம் கூப்பிட்டார். எஸ்டேட்டில் நாலு நாளாக மழை விடவில்லையாம், கரண்டு இல்லாமல் போன் சார்ஜ் தீர்ந்துவிட்டதாம், துவைத்த துணியெல்லாம் வீட்டுக்குள்ளேயே தொங்கி நாறுகிறதாம். இங்கே நல்ல வெயில் என்றேன்.

"அப்பம் செரி" என்றார்.